நான் காட்டிய எல்லை

அக்டோபர் 24, 2024, வியாழன்

வீடு வீடாகப் பிளாஸ்டிக் கழிவு எடுக்கும் என் மாதச் சுற்று இன்றோடு முடிந்தது. எங்கள் சந்திலேயே கவரைக் கழுவிக் காயவைத்துக் கொடுப்பது ஒச்சம்மாள் அக்கா ஒருத்திதான். தோப்பும்படி ஹார்பரில் நாள் முழுக்க மீன் வெட்டுகிறவள், அவள் தரும் கவரில் மீன் நாற்றம் இருக்காது. முன்பக்கத்து மாடி வீட்டில் பாதிப் பாலோடு கவரைக் கொடுக்கிறார்கள். சொன்னால் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

மத்தியானம் கார்ப்பரேஷன் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார், ரமேஷ்பாபு என்று பெயர். நகரத்து டிவிஷன்களை, அதாவது வார்டுகளை, புதிதாகப் பிரிக்கிறார்களாம். ஒவ்வொன்றிலும் ஆள்கணக்கு ஏறக்குறைய சமமாக வர வேண்டுமாம். கையில் வரைபடமும் போனும் வைத்திருந்தார், ஆனால் மட்டாஞ்சேரிச் சந்துகள் போனுக்குப் பிடிபட்டால்தானே. வேலைக்குப் போடுகிற என் பச்சைக் கோட்டைப் பார்த்துவிட்டு, சேச்சிக்கு எல்லா வீடும் தெரியுமே, கூட வாங்க என்றார். போனேன். எது எங்கே முடிகிறது என்று கேட்டார், சொன்னேன். சாயா வாங்கிக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் அரிசிக் கிடங்கிலிருந்து வர நேரமானது. வாளைமீன் குழம்பில் புளி கூடிப்போச்சு.

அக்டோபர் 26, சனி

முந்தாநாள் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன்.

தமிழில் எழுதினால் இந்த வீட்டில் படிக்க ஆள் இல்லை. இவருக்கும் மகள் அன்ஸியாவுக்கும் பேச்சுத்தான் தமிழ், எழுத்தெல்லாம் மலையாளம். உத்தமபாளையத்தில் பள்ளிக்கூடம் போன எனக்கு மட்டும்தான் இது தெரியும். அப்புறம் யாரிடமிருந்து மறைக்கிறேன்?

நடந்து போகும்போது அந்த ரமேஷ்பாபு என் பேச்சைக் கேட்டுவிட்டு, “சேச்சியும் பாண்டியாணோ?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் தமிழ்நாட்டுக்காரர்களை இந்த ஊர் கடைத்தெருவில் இளக்காரமாகச் சொல்கிற சொல் அது. கல்யாணமாகி வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. என் மலையாளத்தில் பிசிறே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுருக்கென்றது. இல்லை, பாலக்காடு என்றேன். பாலக்காட்டை நான் ரயிலில் கடந்ததோடு சரி.

அந்தச் சூட்டோடு சந்தின் வளைவுக்கு வந்தோம். வளைவுக்கு முன்னால் எங்கள் வீட்டோடு சேர்த்து நாலு வீடு. அதற்குப் பின்னால் வாய்க்கால் வரைக்கும் ஒச்சம்மாள் அக்கா, ஓட்டல் வேலைக்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள், எல்லாம் தேனிப் பக்கத்து ஆட்கள். பின்னால் இருப்பதும் இதே சந்துதானா என்று அவர் கேட்டார்.

“அது வேற சார். அது பாண்டி லைன்” என்றேன்.

எங்கள் சந்தில் அப்படி ஒரு பெயரே கிடையாது. அந்த நிமிஷம் என் வாயில் பிறந்த பெயர். அவர் போனில் ஏதோ குறித்துக்கொண்டார்.

ஒரே சந்து. ஒரே தண்ணீர்க் குழாய். ஒரே சாக்கடை. ஏன்டி அப்படிச் சொன்ன?

நவம்பர் 20, புதன்

உத்தேச வரைபடம் வந்துவிட்டது. கோடு சரியாக வளைவில் விழுந்திருக்கிறது, நான் நின்று கைகாட்டிய இடத்தில்.

நாங்கள் நாலு வீட்டுக்காரர்கள் பழைய டிவிஷனிலேயே இருக்கிறோம். பின்வீடுகள் அத்தனையும் வாய்க்காலுக்கு அக்கரையில் இருக்கிற டிவிஷனோடு போகின்றன. இனி அவர்களுக்கு அங்கன்வாடி, வார்டு கூட்டம், ஓட்டுச் சாவடி எல்லாம் அக்கரையில். பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதைவிடப் பெரிய அடி, சாக்கடையை உயர்த்திக் கட்ட இத்தனை வருஷம் நடையாய் நடந்து வாங்கிய அனுமதி பழைய டிவிஷனுக்கு. வேலை வளைவோடு நின்றுவிடும் என்கிறார்கள். வாய்க்கால் பொங்கினால் தண்ணீர் ஏறுவது பின்வீடுகளில்தான். அங்கே கட்டாமல் இங்கே கட்டி என்ன செய்ய?

சாயங்காலம் ஒச்சம்மாள் அக்காவின் மகன் சுப்புராஜ் வந்தான். ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாமாம், விசாரணைக்குக் கூப்பிடுவார்களாம். “எங்களுக்குக் கடையில பேசுற மலையாளந்தேன் வரும்க்கா. ஆபீஸ்ல நிண்டு பேச வராது. நீங்கதேன் பேசணும்” என்றான்.

இவர் உள்ளேயிருந்து, அதுக்கென்ன, அவ பேசுவா என்று சொல்லிவிட்டார்.

நவம்பர் 22, வெள்ளி

சரி என்றுவிட்டேன். எனக்கு வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா என்ன?

டிசம்பர் 2, திங்கள்

வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். எல்லோரும் எந்தக் கட்சிக்காரன் செய்த வேலை இது என்று திட்டித் தீர்த்தார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். சேர்ந்து திட்டாமல் இருந்தால் சந்தேகம் வருமே என்று திட்டினேன்.

ஒச்சம்மாள் அக்கா சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, நீ இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை என்றாள். கம்பத்துக்காரி அவள். நான் வந்த புதிதில், கப்பைக் கிழங்கு விலை கேட்கக்கூடத் தெரியாமல் மார்க்கெட்டில் நின்றபோது, பக்கத்தில் வந்து என் ஊர்ப் பேச்சில் பேசிய முதல் ஆள். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

பிப்ரவரி 6, 2025, வியாழன்

விசாரணை. போய்விட்டு வந்துவிட்டேன். எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பெரிய மண்டபம், நகரம் முழுக்க ஆட்கள். முறை வந்ததும் நன்றாகத்தான் பேசினேன். பாலத்தைச் சொன்னேன், குழாயைச் சொன்னேன், சாக்கடையைச் சொன்னேன். என் மலையாளம் தடுக்கவே இல்லை. எனக்குப் பின்னால் அக்காவும் சுப்புராஜும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதிகாரி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, கோடு ஏன் சந்தின் நடுவில் விழுகிறது என்று பக்கத்தில் நின்ற ரமேஷ்பாபுவிடம் கேட்டார். வளைவுக்கு அப்பால் தனிக் குடியிருப்பு, அதற்குத் தனிப் பெயரும் இருக்கிறது, ஊர்க்காரர்கள் சொன்னது சார் என்றார் அவர். எந்த ஊர்க்காரர் என்றார் அதிகாரி. ரமேஷ்பாபு தலையைத் தூக்கியபோதுதான் என்னைப் பார்த்தார். இன்று பச்சைக் கோட்டு இல்லை, பட்டுப் புடவை. இருந்தாலும் கண்டுகொண்டார். பார்வையைக் காகிதத்துக்குத் திருப்பினார். அப்புறம், பலரிடமும் விசாரித்தேன் சார் என்றார்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. யாரோ ஒரு மனுஷன், அவருக்கு என்ன வந்தது?

அதிகாரி என் பக்கம் திரும்பினார். பெயரை வாய்விட்டுச் சொல்ல அவருக்கே கூச்சம் போல, காகிதத்தை என் பக்கம் திருப்பி விரலை வைத்துக் காட்டி, இப்படி ஒரு பெயர் உண்டா சேச்சி என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னால் போதும். இல்லை சார், அது என் திமிரில் வந்த சொல், ஒரே சந்து சார் — இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அக்கா பின்னால் இருக்கிறாள். ரமேஷ்பாபு என்னையே பார்க்கிறார்.

“சிலர் அப்படிச் சொல்லுவாங்க சார்” என்றேன்.

அவர் குறித்துக்கொண்டார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் அக்கா எனக்கு எலுமிச்சம்பழ சோடா வாங்கிக் கொடுத்தாள். பேசிப் பேசித் தொண்டை காய்ந்திருக்குமாம். அது என்ன பெயர், என்ன கேட்டார் என்று அவள் கேட்கவே இல்லை. நான் எல்லாவற்றையும் சரியாகத்தான் சொல்லியிருப்பேன் என்று நம்பிக்கை.

பிப்ரவரி 7, வெள்ளி

சிலர் சொல்லுவாங்களாம். யாருடி அந்தச் சிலர், நௌஷிதா?

ஜூன் 3, செவ்வாய்

கடைசி உத்தரவு வந்தது. மாற்றம் இல்லை. கோடு வளைவிலேயே நிற்கிறது.

அக்கா பேசினதே பெருசு என்று சுப்புராஜ் இவரிடம் சொல்லிவிட்டுப் போனானாம். இவர் பெருமையாக வந்து சொல்கிறார். இந்த மனுஷனிடமாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். பெருநாளுக்கு ஆட்டுக்கறி எங்கே வாங்குவது என்று பேசினேன்.

ஜூலை 14, திங்கள்

பின்வீடுகளில் பிளாஸ்டிக் எடுக்க இனி நான் போக வேண்டாம். அக்கரை டிவிஷனிலிருந்து ஒரு பெண் வந்தாள், சின்ன வயசு, நல்ல சிரிப்பு. கையில் வீட்டு விவரத் தாள். குழாயடியில் நானும் அக்காவும் நின்றிருந்தோம். அந்தப் பெண் என்னிடம், “சேச்சி, இதில் பாண்டி லைன் எது?” என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

அக்கா குடத்தைக் கீழே வைத்தாள். யார் வைத்த பெயர் இது என்று கேட்டாள். எல்லையை எழுதின உத்தரவிலேயே அப்படித்தான் இருக்கிறது என்று அந்தப் பெண் தாளை நீட்டினாள். அக்காவுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. என்னிடம் நீட்டினாள். நான் படித்தேன். ஆமா என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் அன்ஸியா கொதித்தாள். யார் இப்படிச் சொல்லிக் கொடுத்தது என்று கண்டுபிடித்து எழுதிப் போடணுமாம். அந்த ஆளைச் சும்மா விடக்கூடாதாம். என் பிள்ளைக்கு நியாயம் தெரிகிறது, எங்கிருந்து வந்ததோ.

ஆகஸ்ட் 11, திங்கள்

தாங்கவில்லை. ஆபீஸுக்கே போனேன். ரமேஷ்பாபு உட்காரச் சொன்னார். கோட்டை இனி அசைக்க முடியாது. பெயரை வேண்டுமானால் எடுக்கலாம், தவறான தகவல் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும், அங்கே குடியிருப்பவர்களும் அதில் கையெழுத்திட வேண்டும் என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்திட மாட்டார்களே என்று கேட்டேன். அதுதான் சேச்சி என்றார்.

அன்று ஏன் சார் என்னைக் காட்டவில்லை என்று கேட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னு நினைச்சேன் என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

முதலில் வீட்டில் இவரிடமும் மகளிடமும் சொன்னேன். இவர், யாருக்குத் தெரியும், அப்படியே விட்டுடு என்றார். அன்ஸியா எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்புறம்தான் வளைவைத் தாண்டிப் போனேன்.

அக்கா வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே ஆரம்பித்து, பாதியில் படியில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன். ரமேஷ்பாபு கேட்டது, எனக்குச் சுருக்கென்றது, நான் சொன்னது, மண்டபத்தில் மறுபடி சொன்னது, எல்லாம். அக்கா இறாலைக் கீழே வைக்கவில்லை. ஓடு உரிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கையிலிருந்ததை உரித்து முடித்துவிட்டு, “அப்ப நீ எந்த ஊருன்னு சொன்ன?” என்றாள்.

பாலக்காடுன்னு சொன்னேன்க்கா என்றேன்.

“உங்க அத்தா கம்பத்துல எங்க தெருவுக்கு வளையல் கொண்டாருவாரு. என் கல்யாணத்துக்கு அவருதேன் கையப் பிடிச்சு வளையல் போட்டு விட்டாரு” என்றாள். “அந்த மனுசனையும் சேத்துல்ல அங்கிட்டுத் தள்ளிவிட்ட.”

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. என்னைப் பெத்த அத்தா செத்துப் பத்து வருஷமாகிறது. வளையல் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்த மனுஷன். ரமேஷ்பாபு என்னைக் கேட்டபோது நான் இல்லை என்றது அத்தாவைத்தான். அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் ஆறுதல் சொல்லவில்லை. ஏன் சொல்லணும்?

கடைசியில், “கையெழுத்துப் போட்டுத் தாரேன், எல்லாரையும் போடச் சொல்லுறேன். பேரு போகணும்ல. ஆனா நீ இனி இங்கிட்டு வராத” என்றாள்.

ஆகஸ்ட் 13, புதன்

அன்ஸியா இன்றும் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறாள்.

அக்டோபர் 9, வியாழன்

புதுத் தாளில் அந்தப் பெயர் இல்லை. வளைவு என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அன்ஸியா போனில் காட்டினாள். காட்டிவிட்டு என் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பெண்கள் சங்கத்தின் அயல்கூட்டம் இப்போது பின்னால் சுப்புராஜ் வீட்டில் கூடுகிறது. முன்பு எங்கள் வீட்டில் கூடும். குழாயடியில் நான் போனால் பெண்கள் இடம் விட்டு நகர்ந்துகொள்கிறார்கள். மரியாதையாக நகர்கிறார்கள், அதுதான் வலிக்கிறது. அக்கா என்னைத் தாண்டிப் போகும்போது சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஓட்டுப் போட்டேன். வழக்கமாக சந்தே மொத்தமாகக் கிளம்பிப் போய் வரிசையில் நின்று கதை பேசுவோம். இன்று நாலு வீட்டுக்காரர்கள் மட்டும் நின்றோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் பாலமேறிப் போவது தெரிந்தது. அக்கா சுப்புராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

அமாவாசைக் கடலேற்றம். வாய்க்கால் பொங்கி விடிகாலையில் சந்துக்குள் வந்துவிட்டது. வளைவு வரை கட்டிய புதுச் சாக்கடை எங்களுக்குக் கொஞ்சம் தாமதப்படுத்தியது, அவ்வளவுதான். பின்வீடுகளில் முழங்கால் அளவு என்கிறார்கள்.

தண்ணீர் முதலில் ஏறுவது அவர்கள் வீட்டில். ஏறினதும் அங்கிருந்து முன்னால் பார்த்து ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் குரல் கொடுப்பார்கள். முன்வீடுகளில் நாங்கள் எழுந்து அரிசியையும் கேஸ் சிலிண்டரையும் தூக்கி வைப்போம். யாரும் யாருக்கும் சொல்லி வைத்ததில்லை, சந்தில் அப்படி ஒரு பழக்கம். இந்த வருஷம் எங்கள் வீட்டுக்குக் குரல் வராது என்று நினைத்து நேற்றே எல்லாவற்றையும் கட்டில் மேல் ஏற்றிவிடச் சொன்னேன். இவர் மறந்துவிட்டார்.

பஜ்ர் தொழுது பாயைச் சுருட்டும்போது குரல் கேட்டது. ஒச்சம்மாள் அக்காவின் குரல்தான். மாடி வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அடுத்த வீட்டைக் கூப்பிட்டாள், அதற்கடுத்த வீட்டையும். அப்புறம் கொஞ்சம் நிறுத்தினாள். போய்விட்டாள் என்று நினைத்தேன்.

“ஏ பாலக்காட்டுக்காரி, தண்ணி வருது. அரிசியத் தூக்கி வையி.”

இவர் தூக்கக் கலக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, யாரைக் கூப்பிடுறா அவ என்று கேட்டார்.

என்னைத்தான் என்றேன்.