ஆறரை அடிக் கட்டில்

அன்புள்ள நெட்டைக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவின் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் உடம்பும் வேளைக்குச் சாப்பிடுகிற பழக்கமும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் உனக்கு ஆபீஸிலிருந்து இன்னொரு அழைப்பு வந்துவிடுகிறது, நானும் நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கடிதத்தில் அந்த வித்தை பலிக்காது, பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும். கடையில் இப்போது மத்தியான நேரம், துணி கொடுக்கவும் யாரும் இல்லை வாங்கவும் யாரும் இல்லை, இஸ்திரிக்காரர் சாப்பிடப் போயிருக்கிறார். கவுண்டரில் சலவைச் சீட்டுக் கட்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன். அங்கங்கே எழுத்து ஊறியிருந்தால் அம்மா அழுதிருக்கிறாள் என்று நினைத்துவிடாதே, அது நீராவி இஸ்திரியின் வேலை.

மலைக்குப் போவது முடிவாகிவிட்டது. அடுத்த மாதம் இருபதாம் தேதி கிளம்புகிறோம், மேலே ஐந்து நாள். உனக்கே தெரியும், நாம் குடும்பமாக எங்கேயும் போய்த் தங்கியதே இல்லை. ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அப்பாவுக்குத்தான் போன் வரும், நீங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பூங்காவுக்குக் கூட்டிப் போனாலே பாதியில் திரும்பிவிடுவோம். இப்போது அவர் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது, இன்னமும் யார் வீட்டுக்குப் போனாலும் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறார். உன் அக்காதான் இந்த மலை விடுதியின் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். மரத்தால் கட்டின கட்டடம், பின்னால் ஏரி, விடுதியிலிருந்து உச்சிக்குப் போக கேபிள் கார். மலை எங்கயும் ஓடிப் போயிடாது, பாத்துக்கலாம் என்று அப்பா அன்றைக்கு ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். அப்படிச் சொன்ன மனிதர் இப்போது எங்கள் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறார் என்றால் அதற்குக் காரணம் நீ, நீ சொன்ன ஒரு வார்த்தை. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கடிதம்.

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். என் போன் சாப்பாட்டு மேஜையில் அடித்திருக்கிறது, உன் பெயரைப் பார்த்தும் அப்பா எடுத்திருக்கிறார். நாலு வருடத்தில் அவர் எடுத்தது அதுதான் முதல் தடவை. என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரிந்திருக்காது. அக்கா மலைக்குக் கூப்பிடுறா, கேபிள் கார்லாம் இருக்காம், அஞ்சு நாளாம், எல்லாரும் போலாங்கறா என்று ஏதோ அவருக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். நீ சரிப்பா என்றிருக்கிறாய். அப்புறம் வர்றேன்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். ஊரில் எல்லோரும் போனை வைக்கிறேன் என்று சொல்லி வைப்பார்கள், நீ ஒருத்தன்தான் சின்ன வயதிலிருந்து வர்றேன் என்று சொல்லி வைப்பாய், பக்கத்து அறைக்குப் போனாலும் வர்றேன், குளிக்கப் போனாலும் வர்றேன். அப்பா அந்த முழங்காலோடு மூன்று மாடி ஏறி மேலே வந்தார். வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன். வர்றானாம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தார், நாற்பது வருடத்தில் அந்த மனிதர் கொடியில் கை வைத்ததில்லை.

அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டபோது நீ சிரித்தாயே, எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஐயோ அம்மா, நான் போனை வைக்கிறதுக்குத்தான் அப்படிச் சொன்னேன், லீவெல்லாம் கெடைக்காது, நீயே அப்பாகிட்ட பக்குவமா சொல்லிடு என்றாய். பக்குவமாகச் சொல்ல நான் யார்? நாலு வருடமாக உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரியாக இருந்து என் கால் தேய்ந்துவிட்டது. சாப்பிட்டானாமா என்று அவர் கேட்பார், நான் உன்னிடம் கேட்பேன். அவருக்கு முழங்கால் எப்படி என்று நீ கேட்பாய், நான் அவரிடம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். காலையில் எழுந்ததும் அவர் முதலில் பார்ப்பது உன் ஊரில் மழையா வெயிலா என்றுதான், அதற்கப்புறம்தான் ஜன்னலைத் திறந்து நம் ஊர் வானத்தைப் பார்க்கிறார். இதை அவர் உன்னிடம் சொல்ல மாட்டார். நீயும் அந்த ஊரில் லிஃப்ட் வரைபடம்தானே போடுகிறாய், எங்கேயாவது சிக்கல் வந்தால் இதை அப்பா எப்படிச் சரி பண்ணுவார் என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறாய், அதை நேராக அவரிடம் கேட்க மாட்டாய். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

பழையதைக் கிளறாதே என்று நீ சொல்வாய், கிளறித்தான் ஆக வேண்டும். நீ அப்பாவோடு லிஃப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அந்த ஆறு மாடிக் குடியிருப்பில் பாட்டு டீச்சர் லிஃப்டுக்குள் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டார்களே, அன்றைக்குக் காலையில்தான் சோதனை அட்டையில் நீ கையெழுத்துப் போட்டிருந்தாய். மேலே மோட்டார் அறைக்கு ஏறிப் பார்க்காமலே போட்டாய், அது உன் தப்பு, அதில் இரண்டு பேச்சே கிடையாது. ஆனால் குடியிருக்கிறவர்கள் இருபது பேர் படியில் நின்று பார்க்க உன் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கி, ஒன் கையெழுத்த இனிமே எவனும் நம்ப மாட்டான் என்று அவர் சொன்னாரே, அது அவர் தப்பு. வீட்டுக்குள் கூட்டி வந்து நாலு அறை விட்டிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். இதை அவரிடமும் சொல்லிவிட்டேன், உன்னிடமும் சொல்கிறேன். நீ ஒரே வாரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாய், அவர் அன்றைக்கு வேண்டுமென்றே வேலைக்குப் போய்விட்டார். இருவருக்கும் நடுவில் வாசலில் நின்றது நான். எனக்கு அந்த இடத்தில் நின்றது போதும் என்றாகிவிட்டது.

அதனால் கேட்டுக்கொள், அப்பாவிடம் நான் எதையும் சொல்லப் போவதில்லை. பக்குவமாகவும் சொல்ல மாட்டேன், பக்குவமில்லாமலும் சொல்ல மாட்டேன். நீ இருபதாம் தேதி வந்து நிற்க வேண்டும், முடியாது என்றால் நீயே அவருடைய போனுக்குக் கூப்பிட்டு, நான் வரேன்னு சொல்லலப்பா, போனை வைக்கத்தான் சொன்னேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். மூன்றாவது வழி என்று ஒன்று கிடையாது. லீவு கிடைக்காது என்ற கதையை என்னிடம் விடாதே, போன வருடம் சிநேகிதர்களோடு கடற்கரைக்குப் போய் ஒரு வாரம் கிடந்தாயே, மூக்குத் தோல் உரிந்த படத்தை அக்காவுக்கு அனுப்பினாய், அவள் எனக்குக் காட்டிவிட்டாள். கடலுக்குக் கிடைத்த லீவு மலைக்குக் கிடைக்காதா?

இங்கே ஏற்பாடுகள் எந்த அளவில் இருக்கின்றன என்று சொல்கிறேன், பிறகு உனக்கே மனசு வந்தால் மறுத்துக்கொள். அக்கா ஆஸ்பத்திரியில் இரண்டு நர்ஸுகளிடம் ஷிஃப்ட் மாற்றி வாங்கியிருக்கிறாள், திரும்பி வந்து பத்து நாள் சேர்ந்தாற்போல் நிற்க வேண்டுமாம். மாப்பிள்ளை இத்தனை வருடமாக பஸ் ஓட்டுகிறார், ஆனால் வேறு யாராவது ஓட்டினால் இரண்டு வளைவிலேயே வாந்தி எடுத்துவிடுவார், அதனால் மலைப்பாதையில் வண்டியை அவரே ஓட்டுவதாகத் தீர்மானம். அக்காவின் வாண்டு கேபிள் காரில் யார் எங்கே உட்காருவது என்று படம் போட்டு எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். பெட்டிக்கு ஆறு பேர், நாமும் சரியாக ஆறு பேர், நெட்ட மாமா என் பக்கத்துல என்று எழுதி உன்னைக் கூரைக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வரைந்திருக்கிறாள். அப்பா விடுதிக்கு இதுவரை ஐந்து தடவை போன் போட்டுவிட்டார். கம்பிக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் போட்டீர்கள், பிரேக் எத்தனை, யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் வரவேற்பில் இருக்கிற அந்தப் பெண் என்ன பண்ணுவாள் பாவம், சார் நாங்க சாப்பாடும் ரூமும் மட்டும்தான் பாக்கறோம் என்றாளாம். அவர் விடவில்லை, கேபிள் கார் ஆளின் நம்பரை வாங்கி அவனோடு முக்கால் மணி நேரம் பேசி இப்போது இரண்டு பேரும் சிநேகமாகிவிட்டார்கள்.

அறை இரண்டுதான் கிடைத்தது. ஒன்று அக்கா குடும்பத்துக்கு, இன்னொன்று நமக்கு, அதில் ஒரு கட்டில் கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறார். சாதாரணக் கட்டில் ஆகாதாம், எம் பையன் ஆறடிக்கு மேல, கால் வெளிய தொங்கும், ஆறரை அடி இருக்கணும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அளந்துட்டு சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன் என்றார். அவள் டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து வந்து சொல்லும்வரை காதிலிருந்து போனை எடுக்கவில்லை. நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. மேலே குளிரும், தடித்த காலுறை நாலு ஜோடி கொண்டு வா, லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு வா. கல்யாணப் பேச்சை ஐந்து நாளும் எடுக்க மாட்டேன், இது சத்தியம். இறங்கி வந்த பிறகு என்ன செய்வேன் என்று இப்போது சொல்ல முடியாது.

நேற்று கடையில் இதுவரைக்கும் எழுதினேன், ஆள் வந்துவிட்டதால் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இன்று காலை முடித்துவிடலாம் என்று மேஜையில் பிரித்தபோது அப்பா காபியோடு எதிரில் வந்து உட்கார்ந்தார். அவனுக்கா எழுதற என்றார். ஆமாம் என்றேன். அவன் போனை வைக்கத்தான் அப்படிச் சொன்னான், அது எனக்குத் தெரியும் என்றார். நான் பேனாவை மூடி வைத்தேன். அவன் பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து கேக்கறேன், எனக்குத் தெரியாதா என்றார். தெரிஞ்சுமா ரூம் போட்டீங்க, கட்டில் அளந்தீங்க, மாடி ஏறி வந்து எங்கிட்ட சொன்னீங்க என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது, இந்தப் பதினைந்து நாள் நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நானா கூப்பிட எனக்கு வாய் வரலம்மா, அவன் வாயில வந்த வார்த்தையையாவது கெட்டியா புடிச்சுக்கலாம்னு பாத்தேன் என்றார். இத அவனுக்கு எழுதாதே என்றும் சொன்னார். எழுதிவிட்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் கொண்டுபோய்க் கொடுக்கிற கடைசித் தபால் இது.

ஆகவே மேலே நான் சொன்ன இரண்டு வழியில் ஒன்று அடைபட்டுவிட்டது. நீ அப்படிச் சொல்லவில்லை என்று அவரிடம் போய்ச் சொல்ல இனி ஒன்றும் இல்லை, அவருக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும்.

தலைக்கு எண்ணெய் வை, காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. நீ எங்கே இருந்தாலும் குறைவில்லாமல், நோய் நொடி அண்டாமல், நாலு பேர் மெச்ச நன்றாக இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். டிக்கெட் போட்டதும் எந்த வண்டி, எத்தனை மணிக்கு இறங்குகிறாய் என்பதை எனக்குச் சொல்லாதே. அப்பாவுக்குச் சொல். அவருடைய நம்பர் மாறவில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்