பத்தடி ரெக்கைக்கு எந்த எஞ்சின், அத்தான்?

காதோரம் பென்சிலும் விரல் நிறையப் பசையுமாத் திரிஞ்ச என் அத்தை மகனுக்கு,

நான் ராணி எழுதுறேன். புருசனுக்குக் கடுதாசி எழுதுற வயசான்னு சிரிக்காதீக. வேற யாருகிட்டயும் கேக்க முடியாத ஒண்ணைக் கேக்கணும், அதுக்குத்தான்.

நீங்க போயி எட்டு மாசமாச்சு. சின்னமனூர் மளிகைக் கடையை நான்தான் பாத்துக்கிறேன். பருப்பு, புளி, வத்தல்னா எது நல்லது எது சொத்தைன்னு தொட்டுப் பாத்தே சொல்லிருவேன். ஆனா மாடி ரூம்புக்குள்ள போனா மட்டும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

ரிமோட்டுல பறக்க விடணும்னு நீங்க செஞ்ச ப்ளேன் அப்படியேதான் நிக்குது அத்தான். பத்தடி ரெக்கை, மஞ்சத் துணி போத்துன உடம்பு, கம்பி வச்ச ரெண்டு சக்கரம். அந்தக் காலத்து ஏரோப்ளேன் மாதிரியே இருக்கணும்னு மூணு வருசம் குச்சி குச்சியா ஒட்டுனீக. எல்லாம் முடிச்சீக. மூக்குல எஞ்சின் மட்டும் இல்ல. மூணு வருசத்துல அதை மட்டும் ஏன் வாங்கல?

போன ஞாயித்துக்கிழமை குமுளி வர்கீஸ் அண்ணன் வந்தாக. உங்களோட சேர்ந்து ப்ளேன் விடுறதுக்கு வெயில்னு பாக்காம வண்டியை முறுக்கிக்கிட்டு வருவாகளே, அதே வேகத்துல வந்தாக. தை முடிஞ்சதும் மகன்கிட்ட வெளிநாடு போறாகளாம், திரும்பி வாரது எப்பன்னு தெரியாதாம். அவுகளை விட்டா இதைப் பறக்க வைக்க எனக்கு வேற ஆளு தெரியாது.

“சேச்சி, எந்த எஞ்சின்னு மட்டும் சொல்லுங்க. பாக்கியை ஞான் நோக்கிக்கொள்ளாம்,” அப்படின்னாக. மத்ததை அவுகளே பாத்துக்கிருவாகளாம்.

அதைத்தானே எனக்குச் சொல்லத் தெரியல! எனக்குத் தெரிஞ்ச எஞ்சின் மாவு மில்லுல ஓடுறது ஒண்ணுதான். “நீங்களே ஒண்ணைப் பாத்து வாங்குங்கண்ணே”ன்னு கெஞ்சிப் பாத்தேன். அண்ணன் தலையை ஆட்டிட்டாக. “அவன் மனசுல இருந்தது எதுன்னு எனக்கே தெரியாது சேச்சி. எங்கிட்ட வாராவாரம் ஒண்ணு சொல்லுவான்.”

பேசாம கூடத்துல கட்டித் தொங்க விட்டுருன்னு உங்க அக்கா சொல்றாக. எனக்கும் அந்த நெனப்பு வந்துச்சு, பொய் சொல்லல. எஞ்சினை மாட்டுனாப் பறக்கும், பறந்தா விழுந்தாலும் விழும். உங்க சின்ன ப்ளேன் ஓடைப்பட்டியில திராட்சைப் பந்தலுக்குள்ள விழுந்து சல்லி சல்லியாப் போச்சே, அதை நீங்க சாக்குல அள்ளிக்கிட்டு வந்து சிரிச்சீக. எனக்குச் சிரிக்க வராது. உங்க கை கடைசியாச் செஞ்சது இது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு.

இன்னொரு கூத்தையும் சொல்லியாகணும், கோவிக்காதீக. நீங்க இருந்தப்ப ப்ளேன் மூக்குல ஒரு துணிப்பை தொங்கிக்கிட்டு இருந்துச்சுல்ல, துவரம்பருப்பு போட்டு? அது எதுக்குன்னு எங்களுக்கு என்ன தெரியும்! கருமாதிக்கு வீட்டைக் கழுவுனப்ப உங்க அக்கா அதைப் பாத்துட்டு, “கடைக்காரன் புத்தி, ப்ளேன்லயும் பருப்பைக் கட்டியிருக்கான் பாரு”ன்னு அழுதுக்கிட்டே அவுத்தாக. அன்னைக்கு வந்த சனத்துக்கு அந்தப் பருப்புலதான் சாம்பார்.

வர்கீஸ் அண்ணன்கிட்ட இதைச் சொன்னதும் தலையில கையை வச்சுக்கிட்டாக. “சேச்சி, அதுதான் எஞ்சினோட எடை!” இந்த மாதிரிப் பழைய ப்ளேனுக்கு மூக்கு குட்டையாம். எஞ்சின் கனமா இருந்தாத்தான் முன்னும் பின்னும் சமமா நிக்குமாம். எத்தனை கனம் வேணும்னு பாக்கத்தான் பருப்பைப் போட்டுக் கட்டியிருக்கீக. அதை எங்கனயாச்சும் எழுதி வச்சீகளா? ஊரே அதைச் சாப்பிட்டுட்டுக் கை கழுவிருச்சு அத்தான்.

அப்பறம் நானும் அண்ணனும் திரும்பவும் அதைச் செஞ்சோம். ரெக்கைக்கு அடியில நீங்க பென்சில்ல கோடு போட்ட இடத்தை அண்ணன் ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடிச்சாக. நான் பையைக் கட்டிப் பருப்பை அள்ளி அள்ளிப் போட்டேன். வாலு மெல்ல மெல்ல எந்திரிச்சு நேரா நின்னுச்சு. கடைத் தராசுல வச்சா ஒண்ணே முக்கால் கிலோ. அப்பாடா, கண்டுபிடிச்சாச்சுன்னு எனக்கு ஒரே சந்தோசம்.

அது எத்தனை நேரம்! நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினும் அந்த எடைக்கு வருமாம். பேட்டரி மோட்டாரையும் பெரிய பேட்டரியா வச்சு அந்த எடைக்குக் கொண்டு வரலாமாம். சுத்திச் சுத்தி ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து நின்னேன்.

முந்தாநாளு உங்க ப்ளேனோட பெரிய வரைபடத்தாளைத் தூசி தட்டி மடிச்சேன். பின்பக்கம் உங்க எழுத்து. மேல கொட்டை எழுத்துல, “நாலு ஸ்ட்ரோக். மெதுவா, தடதடன்னு. வேற பேச்சே இல்ல.” அதுக்குக் கீழ ரெண்டு ஸ்ட்ரோக்குன்னு எழுதி அடிச்சு, “கத்தும்”. எனக்கு வாயெல்லாம் பல்லு. விடை கிடைச்சிருச்சுன்னு போனை எடுத்துட்டேன். அப்பத்தான் அடியில கோணல்மாணலா இருந்த ஒரு வரியைப் பாத்தேன். “பேட்டரி மோட்டார். கையால சுத்தி விட வேண்டாம்.”

பேட்டரி ப்ளேனைப் பாத்தா ‘மிக்சிக்கு ரெக்கை வச்சிருக்கான்’னு நக்கல் அடிச்ச மனுசர் நீங்க. நீங்களா இதை எழுதுனீக?

அண்ணனுக்குப் படிச்சுக் காட்டுனேன். அவுகதான் சொன்னாக, பெரிய பெட்ரோல் எஞ்சினோட ப்ரொபெல்லரைக் கையால விசுக்குன்னு சுத்தி விடணுமாம். தோள்ல வலு வேணுமாம், மூச்சும் வேணுமாம்.

அப்பத்தான் எனக்கு ஒவ்வொண்ணா வெளங்குச்சு. கடைசி நாலஞ்சு மாசமாக் கடை ஷட்டரை என்னைய இழுக்கச் சொன்னீக. துருப்பிடிச்சிருக்குன்னு சொல்லிக் கிரீஸ் வேற வாங்கிப் பூசுனீக. அரிசி மூட்டையை நகட்டச் சொன்னா டீக்கடைக்குப் போயிருவீக. ‘வர வரச் சோம்பேறி ஆயிட்டீக’ன்னு நான் ஏசுனேன். அதுக்கும் சிரிச்சீக. நெஞ்சு சரியில்லைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்டச் சொல்லாம அந்தத் தாளுகிட்டச் சொல்லியிருக்கீக.

ஆத்திரமா வருது அத்தான். ரெண்டு நாளாச் சோறு எறங்கல.

கடைசியா எழுதுனதுதானே உங்க முடிவு, அதையே வாங்கிருவோம்னு ஒரு மனசு. மேல கொட்டை எழுத்துல எழுதுனதுதானே உங்க ஆசை, அதை விடலாமான்னு ஒரு மனசு. எதைச் செஞ்சாலும் பாதி உங்களுக்குத் துரோகம் பண்ணுற மாதிரி இருக்கு. யாரைப் போயிக் கேக்க?

ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. பக்கத்து ரூம்புலதானே இருந்தேன்? “ஏ புள்ள, இங்கன வா, என்னால முடியல, இதைச் சுத்தி விடு”ன்னு ஒரு சத்தம் கொடுத்திருந்தா நான் வந்திருக்க மாட்டேனா? எனக்குத் தோளு இல்லையா?

இன்னைக்குக் காலையில அண்ணன்கிட்ட நாலு ஸ்ட்ரோக்னு சொல்லிட்டேன். சரியா, தப்பா, எனக்குத் தெரியாது. பழகுறதுக்குன்னு அண்ணன் மத்தியானமே வந்து அவுகளோட பழைய எஞ்சின் ஒண்ணைப் பலகையில மாட்டிக் கொடுத்துட்டுப் போனாக. தோல் கையுறையைப் போட்டுக்கிட்டுச் சுத்து சுத்துன்னு சுத்துறேன். ப்ரொபெல்லர் ஒரு தடவை திருப்பி அடிச்சதுல நடுவிரல் நகம் கருத்துப்போச்சு. இதுவரைக்கும் எஞ்சின் ஒரு தடவைகூடப் பிடிச்சு ஓடல.

உங்க ப்ளேன் பறக்குமா, விழுமா, அதுவும் தெரியாது. ஆனா இதை மட்டும் எழுதித் தாரேன். அதைப் பறக்க விடுற அன்னைக்கு அந்த ப்ரொபெல்லர்ல வேற யாரும் கை வைக்க விடமாட்டேன். அது பிடிக்கிற வரைக்கும் நான்தான் சுத்துவேன்.

நீங்க கூப்பிடாமலே வந்து நிக்கிற
உங்க மாமன் மக,
ராணி