பாதி பாஸ்வேர்டு

7-6-99, திங்கள்

இன்டர்நெட்டுக்கான மதுரை போன் எண் மூன்று முறை அறுந்து, நான்காவது முறைதான் கிடைத்தது. கிடைத்ததும் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் அதுபாட்டுக்கு நாற்பத்திரண்டு ஈமெயில்களை இறக்கி அவரவர் பெயருக்குப் பிரித்து வைத்தது. பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து நானே ஏற்றியது. காசிம் பாய்க்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. அவருடைய எஸ்.டி.டி. பூத்தின் பின்னறைதான் எங்கள் ஈமெயில் சென்டர். வருகிறவர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் கணவர் இருக்கும் பெண்கள். "ஒங்க கடுதாசிய நீங்க மட்டுந்தேன் படிக்க முடியும், பாஸ்வேர்டு இருக்குல்ல" என்பார் பாய். பக்கத்தில் நின்று நான் தலையாட்டுவேன்.

9-6-99

நர்கிஸுக்கு வந்த மெயில் ஒன்று சிக்கிக்கொண்டது. சவுதியில் தம்மாமிலிருந்து அவள் கணவர் அசாருதீன் பெரிய போட்டோவை இணைத்து அனுப்பியிருக்கிறார். நான் 'ரூட்'டாக நுழைந்து எடுத்துவிட்டேன். நிர்வாகம் செய்கிறவருக்கான பெயர் அது. எல்லோருடைய பெட்டியும் அதற்குத் திறக்கும்.

அத்தோடு வெளியே வந்திருக்கலாம். கடிதத்தையும் படித்தேன். அவள் இருமுகிற சத்தம்கூட அவருக்கு ஞாபகம் இருக்கிறதாம். எனக்கு யாரும் அப்படி எழுதியதில்லை.

10-6-99

இன்றும் படித்தேன். இன்று எதுவும் சிக்கவில்லை.

15-6-99

தினமும் படிக்கிறேன். அவள் வந்து உட்காருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது.

இன்றைக்கு வந்தது: அசாருதீன் ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அறைத் தோழர் கோட்டைச்சாமி, நம் பக்கத்துப் பரளச்சிக்காரர், அவர்தான் டைப் செய்திருக்கிறார். சோறும் அவர்தான் ஊட்டிவிடுகிறாராம். "உம்மாவுக்குத் தெரிய வேண்டாம், பிரஷர் ஏறிடும்."

நர்கிஸ் படித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லா இருக்காக" என்றாள்.

"சந்தோஷம்க்கா" என்றேன். எப்படி வாய் வந்தது எனக்கு?

16-6-99

காலையில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். மனசு தாங்கவில்லை. (உண்மையாகவா? தெரிந்து வைத்திருக்கிற பெருமை கொஞ்சம் இல்லையா?) "அய்யோ, பாவம்" என்றது அம்மா.

22-6-99

நர்கிஸின் மாமியார் சபுரா பீவி பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பரளச்சி பஸ்ஸில் முன்பின் தெரியாத பொம்பளை ஒருத்தி, "மகனுக்குக் கை கூடிருச்சாம்மா?" என்று கேட்டாளாம்.

பாய்தான் சொன்னார். நாங்கள் இருக்கும் எம்.ரெட்டியபட்டி வழியாகத்தான் அந்த பஸ் போகும்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அம்மா மறைக்கவில்லை. எனக்குச் சோறு கொண்டுவந்த அன்று சென்டரில் சபுரா பீவியைப் பார்த்திருக்கிறது. முகம் ஞாபகம் இருந்திருக்கிறது. "ஆறுதலாத்தானடி கேட்டேன். பெத்தவளுக்குத் தெரியாம இருக்கும்னு நான் கண்டேனா?"

அம்மா மேல் என்ன தப்பு?

25-6-99

நர்கிஸ் வந்தாள். முகம் கறுத்துப்போயிருந்தது. மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் இவள் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. "எம்புள்ள கை ஒடஞ்சு கெடக்கான், நீ எங்கிட்ட சிரிச்சுக்கிட்டுச் சோறு போட்டியேன்னு கேக்குறாக" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். பரளச்சி பஸ் என்றதும் எல்லோருக்கும் சந்தேகம் கோட்டைச்சாமியின் மனைவி பேச்சி மேல். கோட்டைச்சாமி ஊருக்கு எழுதித்தான் விஷயம் வெளியே வந்தது என்று அசாருதீனே நம்பிவிட்டார். இரண்டு பேருக்கும் பேச்சில்லை. கோட்டைச்சாமி வேறு தொழிலாளர் கேம்ப்புக்கு மாறிப் போய்விட்டார்.

"சோறு ஊட்டுன ஆளு, ஜாய்ஸு. இப்படிச் செய்வாகளா?"

நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

26-6-99

ரூட்டாக நான் நுழைந்த ஒவ்வொரு தடவையும் நேரத்தோடு பதிவாகியிருக்கிறது. பதினொரு தடவை. பதிவை அழிக்கவும் எனக்குத் தெரியும். அழிப்பதற்கான கட்டளையை அடித்துவிட்டு என்டரைத் தட்டாமல் உட்கார்ந்திருந்தேன். சீ.

27-6-99, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போனேன். நன்மை அப்பம் வாங்கவில்லை. பாவமன்னிப்புக் கேட்டுச் சாமியாரிடம் சொல்வது எளிது. அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

28-6-99

பதிவை அழிக்காமல் பிரிண்ட் எடுத்து நர்கிஸிடம் கொடுத்தேன். அவளுக்கு விளங்கவில்லை. "அக்கா, ஒங்க கடுதாசி எல்லாத்தையும் நாந்தேன் படிச்சேன். நாந்தேன் எங்கம்மாட்ட சொன்னேன்."

தாளில் இருந்த தேதிகள் மேல் விரலை ஓட்டினாள். பிறகு, "எல்லாத்தையுமா?" என்றாள்.

"ஆமா."

அவள் என்னைத் திட்டவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், குளிக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அது என் கண்ணைவிட்டுப் போக மாட்டேனென்கிறது.

பாய், "அத்தன பேருக்கும் நான் வாக்குக் குடுத்தேனே தாயி" என்றார். அவ்வளவுதான்.

2-7-99

மூன்று நாளாகச் சென்டர் பூட்டிக் கிடந்தது. இன்று பாய் கூப்பிட்டனுப்பினார். நர்கிஸும் இருந்தாள். என்னை வேலையைவிட்டு அனுப்புவதா என்று அவளிடமே கேட்டிருக்கிறார்.

"இவ போனா இன்னொரு ஆளு வரும். அந்த ஆளும் படிக்கும்" என்றாள் அவள். "ஒருத்தி கையில மட்டும் தெறக்குற மாதிரி இருக்கக் கூடாது."

ரூட் பாஸ்வேர்டை இரண்டாகப் பிரித்தோம். முன்பாதி என்னிடம், பின்பாதி அவளிடம். மெஷின் கைக்கு எட்டினால் சி.டி. போட்டுப் பாஸ்வேர்டு இல்லாமலே நுழையலாம் என்று நான் சொன்னதால், மெஷினையே அலமாரிக்குள் வைத்துச் சாவியையும் அவளிடம் கொடுத்தார் பாய். 'நீங்க மட்டுந்தேன்' என்று இப்போது அவர் யாரிடமும் சொல்வதில்லை. என்ன நடந்தது என்று சொல்கிறார். நாலைந்து பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

15-7-99

அசாருதீனுக்கு நானே எழுதினேன், என் பெயரில். கோட்டைச்சாமி மேல் குற்றமில்லை என்று. எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் அவர் கோட்டைச்சாமி இருக்கும் கேம்ப்புக்கே தேடிப் போய் மன்னிப்புக் கேட்டாராம். நர்கிஸ் பாயிடம் சொல்லியிருக்கிறாள். கோட்டைச்சாமி டீ வாங்கிக் கொடுத்தாராம். ஆனால் பழைய அறைக்குத் திரும்பவில்லை.

பேச்சி வீட்டுக்கும் போனேன். கதவைத் திறந்தாள், கேட்டாள், சாத்திக்கொண்டாள்.

9-8-99

மெயில் சிக்கிவிட்டது. ஆள் அனுப்பினேன். நர்கிஸ் வந்து அலமாரியைத் திறந்தாள். என் பாதியை அடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவள் பாதியை அடித்தாள். பாஸ்வேர்டைப் பிரித்த பிறகு இது நாலாவது தடவை. ஒவ்வொரு முறையும் என் முதுகுக்குப் பின்னால் வாய் திறக்காமல் நிற்பாள், வேலை முடிந்ததும் பூட்டிவிட்டுப் போய்விடுவாள்.

இன்று ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் நான் அடித்த கட்டளை மேல் விரலை வைத்து, "இந்த வரி என்னது?" என்றாள்.

சொன்னேன்.

"அடுத்தது?"