அலுமினியப் படகும் நான் கொடுத்துவிட்ட மோட்டாரும்

என் அன்பு மச்சான் குணம்,

உன் கோபம் இன்னும் ஆறியிருக்காது என்று தெரியும். பரவாயில்லை, கோபத்தோடேயே வாசி.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. மாசியில் நான் பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். டிப்போவில் கேக் வெட்டி, பூச்செண்டு கொடுத்து அனுப்பினார்கள். பூச்செண்டோடு வீட்டுப் பக்கம் நொய்கெல்னில் வந்து இறங்கியபோது, இதை யாரிடம் போய்க் காட்டுவது என்று தெரியாமல் பஸ் தரிப்பிடத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் இலக்கம் இன்னும் என் போனில் கிடக்கிறது.

படகும் நாம் விட்ட இடத்தில்தான் நின்றது. நகரத்து ஓரம், கோபெனிக்குக்கு அப்பால், ஏரிக்கரைக் கொட்டகைக்கு வெளியே, ட்ரெய்லருக்கு மேலே. நம்மைவிடப் பத்து வயதுதான் இளமை அதற்கு. வாங்கிய அன்று பச்சைப் பெயின்றைச் சுரண்டச் சுரண்ட உள்ளே வெள்ளி நிறத் தகடு தெரிந்ததும் நீ வாய் மூடாமல் சிரித்தாய். நான்கு கோடை அதோடே போனது. உக்கிப்போன, மோட்டார் பூட்டும் பின்பலகையைக் கழற்றிப் புதிது போட்டோம். இருக்கைகளை நாமே செய்தோம். படகோடு வந்த பழைய பெற்றோல் மோட்டாரை நீ வீட்டுக் குசினி மேசையில் பிரித்துப் போட்டு, ஒரு மாரி முழுவதும் துடைத்துத் துடைத்துப் பூட்டினாய். பாவம் வசந்தி, உன் மனைவியாய் வந்த குற்றத்துக்கு அடுப்படியில் நின்றபடியே மரக்கறி வெட்டினாள்.

அந்த மோட்டாரைத்தான் நீ சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்குக் கனடா போயிருந்த மூன்று கிழமைக்குள் நான் தூக்கிக் கொடுத்தேன், பழைய சாமான் ஏற்ற வந்த ஒருவனிடம். இந்த ஏரியில் பெற்றோல் மோட்டாருக்கு அனுமதியில்லை, பற்றரியில் ஓடுவது வாங்குவோம் என்று நான் இரண்டு வருடமாகச் சொன்னேன். ஆற்றுக்குக் கொண்டுபோவோம் என்று நீ இரண்டு வருடமாகச் சொன்னாய். திரும்பி வந்து நான் வாங்கிப் பூட்டிய புதியதைப் பார்த்தால் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேனா, மச்சான்? இல்லை, நீ ஊரில் இல்லாத நேரம் பார்த்துச் செய்தேனா?

நீ பின்பலகையைப் பார்த்தபடி நின்றாய். கத்தவில்லை.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம், நாதன்" என்றாய்.

அகதி முகாமில் ஒரே அறையில் கட்டில் கிடைத்த நாளிலிருந்து முப்பத்தைந்து வருடமாக நாம் ஒருவருக்கொருவர் மச்சான்தான். நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்று மட்டும்தான்.

ஏரியைப் பற்றி நான் சொன்னது சரி. மற்றதெல்லாம் பிழை. மோட்டாரைத் தேடி அந்தச் சாமான்காரனிடம் இரண்டு தரம் போனேன். அது எப்போதோ கைமாறிவிட்டிருந்தது. ஐந்து மாதம் நீ என் போனை எடுக்கவில்லை. நான்காவது மாதத்தோடு நானும் அழைப்பதை நிறுத்திவிட்டேன். பிறகு ஒருநாள் வசந்தி அழைத்தாள், வேலை செய்யும் உணவகத்துக் குசினியில் நீ விழுந்துவிட்டாய் என்று. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள்.

சித்திரையில்தான் படகைத் திறக்க மனம் வந்தது. தார்ப்பாய் கிழிந்து, மழைத் தண்ணீர் உள்ளே தேங்கி, மாரிக் குளிரில் உறைந்திருக்கிறது. தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் றிவெட் ஆணிகள் தளர்ந்துவிட்டன. நாம் வழக்கமாகச் செய்வதுபோல உள்ளே தண்ணீர் விட்டு, வெளியே கசியும் இடங்களைப் பென்சிலால் வட்டம் போட்டேன். பதினொரு வட்டம்.

ஆணி அடிக்க இரண்டு பேர் வேண்டும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியே ஒருவர் ஆணித் தலையில் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, உள்ளேயிருந்து மற்றவர் அடிக்க வேண்டும். நீ பிடிப்பாய், நான் அடிப்பேன். தனியாளாய்ப் பூட்டக்கூடிய ஆணி என்று கடையில் விற்றதை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ஏரியில் இறக்கி அரை மணித்தியாலத்தில் கணுக்கால் வரை தண்ணீர். இரும்பைப் பெல்ற்றால் இறுக்கிக் கட்டினேன். நிற்கவில்லை, அவிழ்ந்து என் காலில் விழுந்தது. அன்று படகுக்குள் தனியே உட்கார்ந்து சோற்றுப் பொதியைப் பிரித்தபோது கொட்டகைக்காரக் கிழவர் எட்டிப் பார்த்து, உங்கள் நண்பர் ஏன் இப்போது வருவதில்லை என்று கேட்டார். அவருக்கு வேலை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஆடியில் வசந்தி அழைத்தாள். வீட்டைக் காலி செய்துவிட்டு கொலோனில் மகளோடு போய் இருக்கப்போகிறாளாம். உன் கருவிப் பெட்டியை வந்து எடுக்கச் சொன்னாள். போனேன். படகைப் பற்றி அவளாகத்தான் கேட்டாள். ஆணிக் கதையைச் சொன்னேன். "பிடிக்கிறதுதானே, நான் வாறன்" என்றாள்.

சொன்னபடி சனிக்கிழமை வந்தாள். படகுக்கு வெளியே சின்ன முக்காலியில் அவளை இருத்தி, இரும்பைக் கையில் கொடுத்துவிட்டு நான் உள்ளே ஏறினேன். நடுவில் தகடு. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கேட்டிருக்கமாட்டேன். நான்காவது ஆணி முடிந்ததும் கேட்டேன்.

"வசந்தி, குணம் கடைசியிலை என்னைப் பற்றி ஏதும் சொன்னவனோ?"

தகட்டுக்கு வெளியே முக்காலி கிறீச்சிட்டது.

"பொய் சொல்ல எனக்கு ஏலாது, அண்ணை. அவருக்குக் கடைசி வரைக்கும் கோவம்தான். உங்கடை பேரை எடுத்தாலே எழும்பிப் போயிடுவார்."

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"எனக்கும் கோவம்தான்" என்றாள். "ஆனா இரும்பு பாரமாக் கிடக்கு. அடியுங்கோ."

அடித்தேன். கண்ணீரில் கண் தெரியாமல் அடித்ததில் இரண்டு ஆணி கோணிப்போய், துளைத்து எடுத்துத் திரும்பவும் போட வேண்டி வந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. பின்னேரம் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். அவள் குனிந்து ஒவ்வொரு வட்டத்தையும் விரலால் தடவி, விரலை என்னிடம் காட்டினாள். ஈரமில்லை.

மறுநாள் தனியே ஏரியில் இறக்கினேன். புதிய மோட்டார் சத்தமே போடாது, அதற்காகத்தான் வாங்கினேன். உன்னுடையதைச் சோதிக்கத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டு இரைய வைக்கும்போது நாம் கத்திக் கத்திப் பேசுவோம், நினைவிருக்கிறதா? நடு ஏரியில் என் மூச்சே எனக்குக் கேட்டது. முன் இருக்கையில் ஆளில்லாததால் படகின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டே நின்றது. அந்த இடத்தில் பாரத்துக்குத் தண்ணீர்க் கலன் ஒன்றை வைத்தால் சரிவரும். இன்னும் வைக்கவில்லை.

படகில் பாதி வசந்தியுடையது என்று சொன்னேன். பாதி வேண்டாம், போக முன்னம் ஒருக்கா ஏறி இருந்தால் போதும் என்றாள். வாற சனிக்கிழமை வருகிறாள். அதற்கடுத்த கிழமை கொலோனுக்கு ரயில். பிறகு வரும் சனிக்கிழமைகளைப் பற்றி நான் இன்னும் யோசிக்கவில்லை.

அவளுக்கு நீச்சல் தெரியாது என்று உனக்குத் தெரியும். அவள் அளவுக்கு உயிர்காப்பு அங்கி வாங்கிவிட்டேன். காற்று எழும்பினால் படகை இறக்கமாட்டேன். ஏரியை ஒரு சுற்றுக் காட்டி, கையைப் பிடித்துப் பத்திரமாகக் கரையில் இறக்கிவிடுவேன், மச்சான். இது சத்தியம்.

ஒரு வயிற்றில் பிறக்காமலே உனக்கு உறவாகிப்போன
உன் மச்சான்,
நாதன்