கடைசி அத்தியாயத்தில் அழுதவன்

பஹ்ரைன்
9.3.1986

அன்புள்ள லூர்து மேரிக்கு,

ஆண்டவர் அருளால் நான் சுகமாக இருக்கிறேன். நீயும் பிள்ளையும் சுகந்தானா? கடத்தூரில் உன் அப்பாவுக்கு இருமல் நின்றதா?

எங்கள் அறையில் சின்னப்பன் ஒரு மாத நாவலைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். மனைவியை அடித்த கதாநாயகன் கடைசி அத்தியாயத்தில் அழுகிறான். உடனே அவள் மன்னித்துவிடுகிறாள். எல்லோரும் கை தட்டினார்கள். எங்களுக்குச் சமைக்கும் பாலக்கோட்டு ஹயாத் பாஷா அண்ணன் மட்டும், "அழுதா ஆச்சுங்களா? அப்புறம் அவன் என்ன பண்ணான், அதச் சொல்லுங்க" என்று கேட்டார். நான் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவிவிட்டேன்.

உன் உதடு கிழிந்த அன்று, நீ கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக உன் அப்பாவிடம் சொன்னேன். நீயும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. புறப்படும்போது உன்னிடம் நானும் அழுதேன். அதோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன்.

நேற்று உன் அப்பாவுக்குத் தனியாக எழுதிப் போட்டுவிட்டேன்: "அவள் விழவில்லை, மாமா. நான்தான் அடித்தேன்."

ஊரிலிருந்து யாராவது வந்தால் கொஞ்சம் கேழ்வரகு மாவு கொடுத்தனுப்பு. நீ கடிதம் போட்டு இரண்டு மாதமாகிறது. இரண்டு வரி எழுதினாலும் போதும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. மாமா என்னைத் திட்டினால், இந்தத் தடவை எனக்காகப் பேசாதே.

சவரிராஜ்