ரிங்கைப் பார்க்காத பிள்ளைகள்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. எட்டு மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். பிரஷர் மாத்திரை தீர்ந்தது. வாங்கணும். மாமரத்தில் பூ உதிர்வு அதிகம்.

மாலை கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சி ஆட்டம். 27–29. தோல்வி. நாற்பது நிமிடம் ஓடி இருபத்தேழு! ஸ்கோர் ஷீட் எழுதப் போன எனக்குப் பேனாவை மூடி வைத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்க்கிற வேலை.

மகள் ஷைலா இந்தப் பெண்கள் அணிக்குக் கோச் ஆகி மூன்றாவது வருடம். பயிற்சியில் முதல் ஒரு மணி நேரம் பந்தே கிடையாது. இரண்டு கையிலும் தேங்காய்ச் சிரட்டையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடுகிறார்கள். கை சும்மா இருந்தால் எதிராளியின் சட்டையைப் பிடித்து ஃபவுல் வாங்குவார்களாம். எல்லாம் எங்கள் வீட்டுச் சிரட்டை. என் மனைவி ஞானம் அடுப்பு பற்ற வைக்கத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"பிள்ளே, கையில சிரட்டைய வச்சுகிட்டு எப்பிடி பந்தைப் போடுவாளுவ?"

"போடதுக்கு இல்லப்பா. போட விடாம இருக்கதுக்கு."

"கூடைன்னு ஒண்ணு மேல தொங்குது. தெரியுமா?"

"ரெண்டு தொங்குது. நீங்க ஒண்ணத்தான் பாக்குதீங்க."

பதில் மட்டும் உடனே வரும். அம்மா வழி.

பிப்ரவரி 5, வியாழன்

காற்று. துணி காயப்போட்ட கயிறு அறுந்தது. கட்டினேன்.

கல்லூரிச் செயலாளர் ஷைலாவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அவளுக்குத் தற்காலிக வேலைதான், வருடா வருடம் புதுப்பிக்கணும். "மூணு வருஷமா ஒண்ணும் காணல்லியே. இந்தத் தடவை அரையிறுதியாவது வரணும், இல்லேன்னா வேற ஆளப் பாக்கணும்." இதை நேராகச் சொல்ல மனுஷனுக்குத் தைரியம் இருந்தது, பாராட்டணும். மாவட்டக் கல்லூரிகளுக்கான போட்டி நம் மைதானத்தில்தான். எட்டு அணி. காலிறுதி வரும் புதன். ஜெயித்தால் அரையிறுதி. தோற்றால் ஷைலா வீட்டில்.

மருமகன் குவைத்திலிருந்து போன் பண்ணி, "வேலை போனா போட்டும், இங்க வந்திரட்டும்" என்றானாம். அவளுக்கு அதில் பாதிச் சோறு இறங்கவில்லை. அந்த மைதானத்தை விட்டுவிட்டு குவைத்தில் ஏசி அறையில் என்ன செய்வாள்?

நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "ஜெனிலாவ எறக்கு."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

ஜெனிலா இனயம் கடற்கரைப் பெண். பதினொன்றாம் எண். அப்பா கடலுக்குப் போகிறவர். இரண்டு பஸ் மாறி வருகிறாள். அவள் கையை விட்டுப் பந்து போகும்போதே தெரியும், விழப்போகிறது என்று. ஷைலா அவளைப் பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருக்கிறாள். குற்றம்: போட்ட பிறகு நின்று ரசிக்கிறாள், திரும்பி ஓடுவதில்லை. நான் போட்டிருந்தாலும் நின்று ரசித்திருப்பேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

மாத்திரை வாங்கியாச்சு. குடையை மருந்துக்கடையில் விட்டுவிட்டேன். திரும்பவும் போகணும்.

தனி நோட்டு ஒன்று தொடங்கியிருக்கிறேன். நம் அணி பந்தோடு முன்னேறும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி: எந்த நேரம், எத்தனை பாஸ், யார் போட்டது, விழுந்ததா, அல்லது யாருமே போடாமல் விதிப்படி உள்ள 24 செகண்ட் தீர்ந்து ஹாரன் அடித்ததா. ஓரத்தில் என் கருத்து. இன்றைய பயிற்சியில் மட்டும் ஹாரன் ஒன்பது தடவை. பந்து கைமாறிக்கொண்டே இருக்கிறது, தோசைக்குத் தேங்காய்ச் சம்மந்திக் கிண்ணத்தைச் சுற்றிக் கொடுக்கிற மாதிரி. ஒருத்தியும் ரிங்கை நிமிர்ந்து பார்ப்பதில்லை. போட்டு விழாவிட்டால் எதிராளி பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாளாம், அதனால் போடாமலே இருப்பதாம்! கேப்டன் சுபா, தக்கலைக்காரி, ரிங்குக்குக் கீழே தனியாக நின்றுகொண்டு பந்தை வெளியே கொடுக்கிறாள். தலையில் அடித்துக்கொண்டேன். செல்வி பார்த்துவிட்டாள். (செல்வி கல்லூரி நூலக உதவியாளர். மேசையில் என் பக்கத்தில் இருந்து, நான் சொல்வதைக் கேட்டு ஸ்கோர் போர்டு அட்டையைப் புரட்டுகிறவள்.)

இன்னொன்று. நம் பெஞ்சில் ஒரு பெண் நோட்டும் கையுமாக இருக்கிறாளே, நம் புள்ளியைத்தான் எழுதுகிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எட்டிப் பார்த்தால், எதிராளி எத்தனை முறை வெறுங்கையாகத் திரும்பினாள் என்று கோடு போடுகிறாள். கோடு மட்டும். செல்போனில் வீடியோவும் எடுக்கிறார்கள், நாம் தடுக்கிற பக்கம் மட்டும். நாம் போடுகிற பக்கம் போனைத் திருப்புவதே இல்லை. திருப்பித்தான் என்ன கிடைக்கப்போகிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் ஊர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"ஓய், உமக்க மகளுக்க டீமு அன்னைக்கி எத்தன கோல்?"

"கோல் இல்ல வே. புள்ளி."

"எதானாலும் செரி. இருவத்தேழாமே. அது ரப்பர் வெட்டப் போன ஆளு எண்ணிக்கையில்லா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கலாம். "தடுத்து ஆடதுதான் கஷ்டம். ஒமக்கெல்லாம் என்னத்த தெரியும்" என்று சாடிவிட்டேன். வெளி ஆள் சொன்னால் பொறுக்காது. வீட்டில் சொல்வது வேறு.

மதியம் மீன்குழம்பு. ஷைலா சாப்பிட்டுக்கொண்டே மேசையில் உப்பு, மிளகு டப்பாக்களை நகர்த்திக்கொண்டிருந்தாள். ஐந்து டப்பா தடுக்க. போட ஒன்றும் இல்லை.

ஞானம் என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு, "புதனாச்ச வர அவள ஒண்ணும் சொல்லாதிங்க" என்றாள். சரி என்றேன். சொல்லவில்லை. நோட்டில்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 11, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதணும்.

காலிறுதி. கா. 9.30. வெயில் ஏறிவிட்டது. பந்தல் போதாது. செயலாளர் முன்வரிசையில். ஷீட் என்னிடம். அதன் கீழே என் நோட்டு.

பாதி ஆட்டம் 16–17. சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் பகுதியில் ஜெனிலாவை இறக்கினாள், சுபாவுக்கு மூச்சு வாங்கியதால். வந்த வேகத்தில், ஒரு பாஸ்கூட இல்லாமல், மூன்று புள்ளிக் கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று, தூரத்திலிருந்து போட்டாள். வலை மட்டும் அசைந்தது. அப்படி ஒரு ஷாட். ஷைலா பெஞ்சிலிருந்து எழும்பிக் கத்தினாள்: "ஏட்டி, ஆரு ஒன்ன இப்ப போடச் சொன்னா? திரும்பி ஓடு!" அடுத்து பந்து நின்றதும் அவளை வெளியே இழுத்துவிட்டாள். நோட்டை எடுத்து எழுதினேன், எழுதினேன், ஓரம் நிறைய. ஆள் மாற்றத்தை ஷீட்டில் குறித்தேன். ஆட்டம் தொடர்ந்தது.

முடிவு 33–35. எதிரணி துள்ளியது. நம் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஷைலா ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து எழுப்பினாள். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் ஷீட்டைக் கூட்டி மூடணும். ஆள்வாரியாகப் புள்ளி எழுதும்போது பதினொன்றுக்கு எதிரே வெறும் கட்டம். வெறுமையா? நோட்டைப் புரட்டினேன். இருக்கிறது. என் கையெழுத்து. விழுந்தது, இரண்டு புள்ளி. ஷீட்டில் இல்லை. நான் செல்வியிடம் சொல்லவே இல்லை. நான் சொல்லாமல் அவள் அட்டையைப் புரட்டமாட்டாள். கூடை விழவில்லை விழவில்லை என்று மூன்று வருடமாகக் கத்துகிறவன், விழுந்த கூடையை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

நடுவர் தாஸ் சார் தண்ணீர் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வந்துகொண்டிருந்தார். அவர் கையெழுத்து விழுந்தால் பிறகு ஒன்றும் மாற்ற முடியாது. விதி. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தபோதே அகராதியை வைத்துக்கொண்டு அந்த இங்கிலீஷ் விதிப் புத்தகத்தை எழுத்தெழுத்தாகப் படித்தவன் நான்.

இதையும் எழுதிவைக்கிறேன், வேறு யாரும் பார்க்கப்போவதில்லை. ஒரு நொடி நினைத்தேன்: இப்படியே இருக்கட்டும். தோற்றால் நான் சொன்னதுதான் சரி என்று ஆகும். ஒரு நொடிதான். அதற்கு மேல் இல்லை. ஆனால் நினைத்தேன்.

"சார், ஒப்பு போடாதிங்க. எனக்க தப்பு."

பத்தொன்பது வருடம் ஸ்கோர் எழுதியதில் இந்த வார்த்தையை அந்த மேசையில் சொன்னதில்லை.

இரண்டு கோச்சையும் கூப்பிட்டார். ஷைலாவிடம், "உங்க கணக்கு என்ன?" என்றார். எங்கள் பெஞ்சில் கோடு மட்டும்தான். வீடியோ? மறுபக்கம் பார்த்து வைத்த போன். எதிரணி கோச், "போர்டைப் பாத்து ஆடினோம் சார். இப்ப வந்து மாத்தினா எப்பிடி?" என்றார். நியாயம்தான். தாஸ் சார், "ஏதோ ஒரு தூர ஷாட் விழுந்த ஞாபகம் இருக்கு. ஆனா ஞாபகத்த வச்சு எழுத முடியாது. எழுத்துல என்ன இருக்கு?"

இருந்தது நோட்டு மட்டும். ஷைலா முன்னால் அதைக் கொடுப்பதைவிட மைதானத்தைச் சுற்றி முட்டி போட்டு வரலாம். கொடுத்தேன்.

சத்தமாக வாசிக்கத்தான் வேண்டுமா அந்த மனுஷன்? வாசித்தார்.

"மூணாவது பகுதி, நாலு நிமிஷம் பத்து செகண்ட் பாக்கி. எண் பதினொண்ணு. பாஸ் இல்லை. விழுந்தது, ரெண்டு. உடனே வெளியே. கூடை போட்ட பிள்ளைக்குத் தண்டனை கொடுக்கும் ஒரே கோச் உலகத்திலேயே என் வீட்டில்தான் சோறு தின்கிறாள்."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. செல்வி அட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்தாள். ஷைலா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். காது சிவந்திருந்தது.

தாஸ் சார் மற்ற வரிகளையும் ஷீட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். எல்லாம் பொருந்தியது, அந்த ஒன்று தவிர. கடைசியில் எதிரணிக் கேப்டன் பெண்ணே கோச்சுக்குப் பின்னாலிருந்து, "விழுந்துச்சு சார். விழுந்ததும் நான்தான் பந்த எடுத்து கோட்டுக்கு வெளிய நின்னு உள்ள எறிஞ்சேன்" என்றாள். அவள் கோச் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வை. நல்ல வீட்டுப் பிள்ளை.

35–35. ஐந்து நிமிடம் கூடுதல் ஆட்டம். என்னை மேசையிலிருந்து எழுப்பிவிட்டார். பேனா செல்வியிடம். கயிற்றுக்கு இந்தப் பக்கம், சனங்களோடு நின்றேன்.

ஐந்து நிமிடத்தில் எதிரணிக்கு ஒன்றுமில்லை. பூஜ்யம். ஒருத்தியையும் உள்ளே விடவில்லை. நமக்கு? சுபாவுக்கு ஃபவுலில் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது ரிங்கில்கூடப் படவில்லை. இரண்டாவது போர்டில் மோதி, ரிங்கில் இரண்டு சுற்று சுற்றி, விழுந்தது. ஜெனிலாவையும் இறக்கியிருந்தாள். அவள் ஒரு ஷாட்கூட எடுக்கவில்லை! கடைசி மூன்று செகண்டில் எதிராளி போட்ட பந்தை எம்பிச் சாடித் தட்டிவிட்டாள். மைதானமே அதிர்ந்தது.

36–35. ஒற்றைப் புள்ளி, அதுவும் சும்மா நின்று போட்டது. இதற்குப் பெயர் ஜெயம். நானும் கத்தினேன் போலிருக்கிறது, தொண்டை கட்டியிருக்கிறது.

நோட்டை ஷைலா எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 12, வியாழன்

அரையிறுதி. 21–44. மேசைக்கு வேறு ஆள். இதில் எழுத என்ன இருக்கிறது.

குடை கிடைத்தது. கடைக்காரன் எடுத்து வைத்திருந்தான்.

பிப்ரவரி 13, வெள்ளி

மேகம். மழை இல்லை.

ஷைலா பதினொரு மணிக்கே வந்துவிட்டாள். செயலாளர் கடிதம் கொடுத்துவிட்டார். இன்னும் ஒரு வருடம் வேலை உண்டு. ஞானம் அழுதாள். நான் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷைலா எதிரே வந்து உட்கார்ந்தாள். மூன்று நாளில் முதல் பேச்சு.

"நோட்டு முழுக்க வாசிச்சேன்."

"ம்."

"என்னப் பத்தி எழுதினது அறுவத்தி மூணு எடத்துல இருக்கு."

"கொறவாத்தான் எழுதினேன்."

"மேசையில இனி உங்கள இருத்த மாட்டாவ. தாஸ் சார் சொல்லியாச்சு."

"தெரியும்."

"எங்க பெஞ்சில புள்ளி எண்ண ஆளில்லப்பா. ஜூன்ல வந்து இரிங்க."

செய்தித்தாளை மடித்தேன். பெஞ்சில் இருப்பதென்றால் அந்தச் சிரட்டை ஓட்டத்தையும், ஒன்பது ஹாரனையும், ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்காத ரிங்கையும் இன்னும் ஒரு வருடம் பக்கத்தில் இருந்து பார்க்கணும். என்னால் ஆகாது என்று அவளுக்கும் தெரியும்.

"எண்ணதுக்கு என்ன இருக்கு? கூடை விழுந்தா ஆளனுப்பு, வாறேன்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நானும் தமாஷுக்குச் சொல்லவில்லை.

"ஜூன் ரெண்டாம் வாரம் பயிற்சி தொடங்கும், கால ஆறு மணி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.