வண்டி வேண்டாம் என்று சொன்ன ஊர்

பேனர் கடைக்காரர் இன்று காலை வந்து, சுருட்டிய ஃபிளெக்ஸை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். விழா உறுதி என்று நம்பி முன்பே கொடுத்த ஆர்டர்; அது நின்றுபோனதை அவருக்குச் சொல்ல ஆபீஸில் எல்லோருமே மறந்துபோயிருக்கிறோம். பிரித்துப் பார்த்தேன். அறை முழுக்க அந்தப் புது ஃபிளெக்ஸ் நெடி. உனக்குத் தலைவலி வரவழைக்கிற அதே நெடி. நன்கொடையாளர்கள் வருவதற்கு முந்தின நாளெல்லாம் நீ ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்த நாத்தத்துக்குன்னே தனியா ஒரு ஃபண்டு கேக்கணும்டி" என்பாய்.

பேனரில் நம் அறக்கட்டளையின் பெயர் இருக்கிறது. கம்பெனியின் முத்திரை இருக்கிறது. 'மலைக் குழந்தைகளுக்கான பள்ளி வண்டி தொடக்க விழா, அனைவரும் வருக' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். யாரும் வரப்போவதில்லை, வண்டியும் வரப்போவதில்லை. நீ போய் வருஷம் திரும்பப்போகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் உரக்கடை மாடியில் இருக்கும் நம் ஆபீஸில், நிதி திரட்டும் பிரிவு என்றால் நீயும் நானும்தான். விசிட்டிங் கார்டில் எனக்குத் தலைவர் பட்டம் போட்டிருந்ததால் அதைச் சொல்லிச் சொல்லியே என்னை ஓட்டினாய். "மேடம், உங்க டிபார்ட்மென்ட்டு பூரா டீ குடிக்கப் போவுது, வர்றீங்களா?" என்பாய். எழுந்து வருகிற டிபார்ட்மென்ட் நீ ஒருத்திதான். பொம்மிடியில் ரயில் ஏறிச் சென்னைக்கும், ஜோலார்பேட்டையில் மாறிப் பெங்களூருக்கும் எத்தனை தடவை போயிருப்போம். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நான் பேச வேண்டியதை மனப்பாடம் செய்வேன். நீ வேர்க்கடலையை உடைத்துத் தின்றுகொண்டு எதிர் சீட்டுக்காரரின் குடும்பக் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பாய். ஆனால் உள்ளே போனதும் அவர்கள் கேட்பது என்னவோ உன் பேச்சைத்தான். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். அதையும் உன்னிடம் சொல்லியிருக்கிறேன், நீ சிரித்தாய்.

சென்னையில் ஒரு பெரிய ஆபீஸில், ஒருவர் நம் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பரிதாபமா எதுவும் இல்லையா?" என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? நீ நிதானமாக, "இல்லீங்க சார். எங்க பசங்க நல்லாத்தான் இருக்காங்க. பள்ளிக்கொடம்தான் தூரத்துல இருக்குது" என்றாய். அவர் பணம் தரவில்லை. திரும்பி வரும்போது நான் புலம்பிக்கொண்டே வந்தேன். "நாம என்ன வசூலுக்கா வந்தோம்? சம்பந்தம் பேச வந்தோம்டி. பொண்ணு வூட்டயும் மாப்ள வூட்டயும் ஒரே ஒசரத்துல உக்கார வெச்சுப் பேசணும். ஒருத்தர் பாயிலயும் ஒருத்தர் நாற்காலியிலயும் உக்காந்தா அந்தச் சம்பந்தம் நிக்காது" என்றாய். அப்போது அது எனக்கு வெறும் பேச்சாகத்தான் தெரிந்தது.

சித்தேரி மலையில் நாம் வேலை செய்யும் அந்த ஊரின் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஊருக்கு ஏதாவது செய்ய வந்தவர்களை வெறுங்கையோடு மலை இறங்க விடமாட்டார்கள். பலாப்பழமோ, சாமையோ, ஒரு பாட்டில் தேனோ, அந்தப் பருவத்தில் எது இருக்கிறதோ அதை ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் தன் கையால் கொடுப்பார். வாங்கிக்கொண்டால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம். அதற்காகவே நீ ஜீப்பில் ஏறும்போதே விருந்தாளிகளிடம் சொல்லிவிடுவாய்: "எது குடுத்தாலும் ரெண்டு கையாலயும் வாங்கிக்கோங்க. வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. கீழ எறங்கினதும் எங்கிட்டக் குடுத்துடுங்க, நா தின்னுக்கறேன்." ஒருமுறை வந்தவர், சர்க்கரை வியாதி என்று பழத்துக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நீ சட்டென்று குறுக்கே போய், "அவரு பங்கு எனக்குங்க, நா அவரு கூட வந்த ஆளு" என்று பழத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாய். புதுப்புடவையில் பலாப்பால் ஒட்டிக்கொண்டது. ஊர்க்கவுண்டர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் மாலைநேரப் பள்ளி அங்கே வந்தது.

இந்த வருஷம், பேனரில் முத்திரை இருக்கிற அந்தப் பெங்களூர்க் கம்பெனி கனிந்து வந்தது. நீ தொடங்கிவைத்த பேச்சுதான். மலையில் எட்டாவது முடித்த பிள்ளைகள் தூரத்து உயர்நிலைப் பள்ளிக்குப் போய்வர ஒரு வண்டி, டிரைவர் சம்பளம், டீசல் எல்லாம் தருகிறோம் என்றார்கள். பஸ்ஸை நம்பிப் பெண்பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். வண்டி வந்தால் படிப்பு, வராவிட்டால் எட்டாவதோடு சரி. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஊரைப் பார்க்க வேண்டுமென்று கம்பெனியின் அதிகாரி வந்தாள். சின்னப் பெண், நல்ல பெண், செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தாள். நீ சொல்வதையெல்லாம் ஜீப்பில் நானும் சொல்லியிருந்தேன். "ஐயோ மேடம், எங்க பாலிசி ரொம்ப ஸ்ட்ரிக்ட். யார்கிட்டயும் எதுவும் வாங்கக் கூடாது. வாங்கினா என் வேலை போயிடும்" என்றாள். நேரில் அன்பாகப் பேசிச் சமாளித்துக்கொள்வதாகவும் சொன்னாள்.

சமாளிக்க முடியவில்லை. ஊர்க்கவுண்டர் பலாப்பழத்தை நீட்டியபடியே நின்றார். அவள் கைகூப்பியபடியே நின்றாள். நான் உன்னைப்போலவே குறுக்கே போய், "அவங்க பங்க நா வாங்கிக்கறனுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "நீங்க எங்க ஆளு. அவங்க பங்க நீங்க எப்படி வாங்குவீங்க?" என்று பழத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் அவரும் இன்னும் இரண்டு பேரும் நம் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார்கள். "வண்டி வேண்டாங்க" என்றார்.

"ஏங்க?"

"நாங்க குடுக்கறது அவங்களுக்கு ஆவல. அவங்க குடுக்கறது மட்டும் எங்களுக்கு எப்படிங்க ஆவும்? வாங்கிகினே இருக்கறதுக்கு நாங்க என்ன கையேந்தியா நிக்கறோம்?"

"அது அவங்க கம்பெனி சட்டமுங்க. உங்கள மதிக்காம பண்ணல."

"இருக்கலாங்க. எங்களுக்கும் ஒரு சட்டம் இருக்குதில்ல."

"உங்க பொண்ணு இந்த வருஷம் ஒம்பதாவது போவணுமுங்க."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "மொதல்ல படிப்பு நிக்கப்போறது எம்பொண்ணுக்குத்தான். தெரிஞ்சுதாங்க சொல்றேன். எம்பொண்ணுக்காக ஊரு வார்த்தைய மாத்தினா, நாளைக்கு எம்பேச்ச யாரு கேப்பாங்க?" படியிறங்கும்போது நின்று உன்னைப் பற்றிப் பேசினார். "அந்தம்மா எந்தப் பக்கத்து ஆளுன்னு எங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியலீங்க. அதனால பேசிகினு இருந்தோம்."

பெங்களூருக்குப் போன் செய்தேன். ஒரே ஒரு சொட்டுத் தேனை நாக்கில் வைத்துக்கொண்டால் போதும் என்று கெஞ்சினேன். அந்தப் பெண் அழுதேவிட்டாள். மேலிடத்தில் கேட்டாள், ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று மறுத்துவிட்டார்கள். ஊரின் சம்மதம் இல்லாமல் வண்டி தரவும் அவர்களுக்கு வழியில்லை. லஞ்சம் வாங்காதே என்று போட்ட விதியை நான் எப்படித் தப்பு என்பேன்? தன்மானத்தை விடாதே என்கிற ஊரை எப்படித் தப்பு என்பேன்? ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் வாய்விட்டுத் திட்டியாவது இருப்பேன். ஆளுக்கு ஒரு நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நல்லவர்களாகவே சேர்ந்து பிள்ளைகளின் தலையில் கல்லைப் போட்டோம். வண்டி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. வேறு கம்பெனிகளைக் கேட்டேன். மலையில் பிள்ளைகள் குறைவு, தலைக்கு ஆகிற செலவு அதிகம், நிறையப் பிள்ளைகள் இருக்கிற இடமாகச் சொல்லுங்கள் என்கிறார்கள். அவர்கள் விதிகளும் இப்போது கிட்டத்தட்ட ஒன்றுதான். நீ ஜீப்பில் சொல்லிச் சமாளித்த காலம் மலையேறிவிட்டது.

போன வாரம் மலைக்குப் போனேன். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஊர்க்கவுண்டரின் மகள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று பக்கத்து வீட்டம்மாள் சந்தோஷமாகச் சொன்னாள். இன்னும் சின்னப்பிள்ளைதானே என்றேன். பேசி வைக்கத்தானே போகிறார்கள் என்றாள். அதைத் தடுக்க யாரிடம் போக வேண்டுமென்று எனக்குத் தெரியும், போவேன். ஆனால் அதைத் தடுத்தாலும் அவளைப் பள்ளிக்கு அனுப்ப என்னிடம் வண்டி இல்லை.

ஊர்க்கவுண்டரின் மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அப்பா பக்கத்தில் இல்லை என்பதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு உன்னைப் பற்றித்தான் கேட்டாள்.

"அந்தக்கா இருந்திருந்தா வண்டி வந்திருக்குமில்லக்கா?"

எனக்குப் பொய் வாயில் வரவில்லை. "வந்திருக்கும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள். உன்மேல் அவளுக்குக் கோபமில்லை. உன்னை அடக்கம் செய்த அன்று அழுதேன், அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் அழுதேன், கோபம் மட்டும் வந்ததில்லை. அன்று அந்த வாசலில்தான் எனக்கு உன்மேல் கோபம் வந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஆளாக இருக்க உனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அதை யாருக்கும் தராமல், எனக்கும் தராமல், கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டாய். திங்கட்கிழமை பெங்களூரில் இன்னொரு கம்பெனியைப் பார்க்கப் போகிறேன். நன்றாகத்தான் பேசுவேன், அதற்குத்தானே சம்பளம். அங்கே என்ன கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கும். அந்தப் பிள்ளையிடம் சொன்ன ஒரு வார்த்தைதான் நெஞ்சை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. வந்திருக்கும்டி. நீ இருந்திருந்தால் வந்திருக்கும்.